மலமிளக்கி உட்கொள்ளக் கூடாத உடல்நிலைகள்

மலமிளக்கி என்பது இறுகிய மலத்தை இளக்கி எளிதாக வெளியேறச் செய்யும் மருந்து ஆகும். இது பேதி மருந்து, கழிச்சல் மருந்து என்றும் அழைக்கப்படுகிறது. விளக்கெண்ணெய், நிலவாகை, இசப்கோல் போன்ற வீட்டு மருந்துகளும் மருந்துக்கடைகளில் கிடைக்கும் மாத்திரை, பாகு, எனிமா போன்றவையும் இதில் அடங்கும். இவற்றுள் பலவற்றை மருத்துவரின் சீட்டு இன்றியே வாங்க முடியும். எனவே இவை யாருக்கும் தீங்கு செய்யாதவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் குடலடைப்பு, குடல்வால் அழற்சி, சிறுநீரக நோய், நீரிழப்பு முதலிய நிலைகளில் ஒரு வேளை மருந்தே உயிருக்கு ஆபத்தை உண்டாக்கலாம்.

மலச்சிக்கல் தனி நோய் அன்று. அது ஓர் அறிகுறி. உணவில் நார்ச்சத்துக் குறைவது முதல் குடலில் கட்டி வளர்வது வரை அதற்குப் பல காரணங்கள் உண்டு. எனவே மலமிளக்கி எடுத்துக்கொள்வதற்கு முன் மலம் ஏன் வரவில்லை என்பதை அறிவது முதன்மையானது.

மலமிளக்கிகளின் வகைகள்

உண்ணும் உணவு, பருகும் நீர், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர் ஆகியவற்றின் வழியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 லிட்டர் நீர்மம் குடலுக்குள் வந்து சேர்கிறது. அதன் பெரும்பகுதியைச் சிறுகுடலும் எஞ்சியதைப் பெருங்குடலும் உறிஞ்சிக்கொள்கின்றன. மலத்துடன் வெளியேறும் நீர் 200 மில்லிலிட்டருக்கும் குறைவே. இந்த நீர்க்கணக்கை மாற்றியோ குடலின் அசைவைத் தூண்டியோ மலமிளக்கிகள் வேலை செய்கின்றன. அவற்றின் முக்கிய வகைகள் ஐந்து:

1. பருமன் கூட்டுபவை: இசப்கோல் உமி போன்றவை. நீரை உறிஞ்சி உப்பி, மலத்தின் அளவைக் கூட்டுகின்றன. பலன் தெரிய 12 முதல் 72 மணி நேரம் ஆகலாம்.
2. நீரை ஈர்ப்பவை: லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைக்கால், மக்னீசியம் ஹைட்ராக்சைடு, பேதி உப்பு எனப்படும் மக்னீசியம் சல்பேட், சோடியம் பாஸ்பேட் ஆகியவை. குடலுக்குள் நீரைத் தங்க வைக்கின்றன அல்லது இழுத்து வருகின்றன.
3. குடலைத் தூண்டுபவை: நிலவாகை, பிசகோடைல், சோடியம் பிக்கோசல்பேட், விளக்கெண்ணெய் ஆகியவை. குடல் தசைகளைச் சுருங்கச் செய்கின்றன. நிலவாகையும் பிசகோடைல் மாத்திரையும் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்திலும், விளக்கெண்ணெய் 2 முதல் 6 மணி நேரத்திலும் வேலை செய்யும்.
4. மலத்தை மென்மையாக்குபவை: டாக்குசேட் போன்றவை.
5. வழுக்குபவை: லிக்விட் பாரஃபின் எனப்படும் கனிம எண்ணெய்.

ஆபத்தும் வகைக்கு வகை மாறுபடுகிறது. சிறுநீரக நோயாளிக்குத் தீங்கு செய்யும் மக்னீசிய உப்பு நல்ல உடல்நிலையில் உள்ளவருக்குப் பெரும்பாலும் கேடு செய்வதில்லை. பலருக்கும் பாதுகாப்பான இசப்கோல், விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவருக்கு மூச்சடைப்பை உண்டாக்கலாம்.

காரணம் தெரியாத வயிற்றுவலி

வயிற்றுவலி, குமட்டல், வாந்தி ஆகியவை இருக்கும்போது மருத்துவர் சொல்லாமல் எந்த மலமிளக்கியும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வலிக்குக் காரணம் குடல்வால் அழற்சியாக இருக்கலாம்.

பெருங்குடலின் தொடக்கத்தில் விரல் போல நீண்டிருக்கும் சிறு உறுப்பு குடல்வால். அதன் வாய் அடைபடும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது, சுவர் வீங்குகிறது, இரத்த ஓட்டம் குறைகிறது. இந்த நிலையில் குடலைத் தூண்டும் மருந்து கொடுத்தால் நலிந்த சுவர் கிழிந்து, சீழும் கிருமிகளும் வயிற்றறைக்குள் பரவும் ஆபத்துக் கூடுகிறது. இதனால் உண்டாகும் வயிற்றறை உறை அழற்சி உடனடி அறுவை மருத்துவம் தேவைப்படும் நிலை ஆகும்.

குடல்வால் அழற்சி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றிய வலியாகத் தொடங்கி, சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு நகர்கிறது. பசியின்மை, வாந்தி, இலேசான காய்ச்சல் ஆகியவை உடன் வரலாம். தொடக்கத்தில் சிலருக்கு மலம் வந்தால் வலி தீர்ந்துவிடும் என்ற உணர்வு தோன்றும். இந்த உணர்வே நோயாளியையோ வீட்டாரையோ பேதி மருந்தை நாடச் செய்கிறது. பிள்ளைக்கு வயிறு வலித்தால் "வயிற்றைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும்" என்று விளக்கெண்ணெய் கொடுக்கும் பழக்கம் இங்கேதான் பெருங்கேடாக முடிகிறது.

இந்நோயை 1886ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் தெளிவாக விளக்கிப் பெயரிட்டார். வயிற்றுவலிக்குப் பேதி மருந்து கொடுப்பதால் குடல்வால் வெடித்து இறப்பு நேர்வதை உணர்ந்த மருத்துவர்கள், 1930களில் பிலடெல்பியா நகரில் இதற்கு எதிராகப் பொதுமக்களிடையே பரப்புரை செய்தனர். இன்று பல நாடுகளில் மலமிளக்கிகளின் உறைகளில் வயிற்றுவலி பற்றிய எச்சரிக்கை அச்சிடப்படுகிறது.

பித்தப்பை அழற்சி, கணைய அழற்சி, சிறுநீரகக் கல், கருப்பைக்கு வெளியே தங்கிய கரு ஆகியவையும் வயிற்றுவலியாகத் தொடங்கலாம். நீரிழிவு நோயாளிகளுக்குக் கீட்டோன் நச்சு கூடும்போதும் வயிற்றுவலியும் வாந்தியும் வரும். இவை எதற்கும் மலமிளக்கி தீர்வு ஆகாது. சரியான சிகிச்சை தொடங்குவதைத் தாமதப்படுத்தவே செய்யும்.

குடலடைப்பு

குடலின் வழி அடைபட்டு, உணவும் நீரும் காற்றும் நகர முடியாமல் போவது குடலடைப்பு. முந்தைய அறுவை சிகிச்சையால் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுதல், குடலிறக்கம் சிக்கிக்கொள்ளுதல், குடல் முறுக்கு, குடல் புற்றுநோய் ஆகியவை இதன் முக்கியக் காரணங்கள்.

விட்டுவிட்டுப் பிடித்திழுக்கும் வலி, வயிறு உப்புதல், தொடர் வாந்தி, மலத்துடன் காற்றும் பிரியாமல் நின்றுபோதல் ஆகியவை இதன் அறிகுறிகள். சாதாரண மலச்சிக்கலில் பெரும்பாலும் காற்றுப் பிரியும். எனவே காற்றும் நின்றுவிட்டால் அது அவசர நிலை எனக் கருத வேண்டும்.

அடைபட்ட குடலுக்குத் தூண்டும் மருந்து கொடுத்தால், குடல் அடைப்பை எதிர்த்து மேலும் வலுவாகச் சுருங்கும். நீரை ஈர்க்கும் மருந்து அடைப்பின் மேற்புறத்தில் நீரைச் சேர்த்துக் குடலை இன்னும் விரியச் செய்யும். இசப்கோல் அடைப்பின் மேல் மற்றோர் அடைப்பாகத் திரளும். இவ்வாறு எந்த வகை மலமிளக்கியும் இந்நிலையில் கூடாது. குடல் துளைபட்டிருந்தாலும், குடலசைவே நின்றுபோயிருந்தாலும் இதே தடை பொருந்தும்.

முதியவர்களிடமும் படுக்கையில் இருப்பவர்களிடமும் மலக்குடலில் மலம் கல்லாக இறுகி அடைத்துக்கொள்வது உண்டு. அதைச் சுற்றி நீர்த்த மலம் கசிவதால் வயிற்றுப்போக்கு என்றே சிலர் தவறாக எண்ணுவர். இறுகிய மலத்தை எப்படி அகற்றுவது என்பதை மருத்துவர் பரிசோதித்தே முடிவு செய்ய வேண்டும்.

குடல் அழற்சி நோய்கள்

புண்ணாக்கும் பெருங்குடல் அழற்சி, கிரோன் நோய் ஆகியவை தீவிரமடைந்திருக்கும்போது குடற்சுவர் புண்பட்டு மெலிந்திருக்கும். தூண்டும் மருந்துகள் அந்நிலையில் வலியையும் நீரிழப்பையும் கூட்டும். பெருங்குடல் அளவு கடந்து வீங்கும் நச்சு விரிவு என்ற நிலையில் குடல் கிழியும் ஆபத்து உள்ளதால் மலமிளக்கிகள் அறவே தவிர்க்கப்படுகின்றன. கிரோன் நோயால் குடல் குறுகிப்போனவர்களுக்கு இசப்கோல் போன்றவை அடைப்பை உண்டாக்கலாம்.

சிறுநீரக நோய்

உடலில் மிகுதியாகச் சேரும் மக்னீசியம், பாஸ்பேட் ஆகியவற்றைச் சிறுநீரகங்களே வெளியேற்றுகின்றன. அவை பழுதுபட்டவர்கள் மக்னீசியம் கலந்த மலமிளக்கியை எடுத்துக்கொண்டால் இரத்தத்தில் மக்னீசியம் தேங்கும். முதலில் குமட்டலும் தளர்ச்சியும் தூக்கக் கலக்கமும் தோன்றும். அளவு கூடும்போது தசைநாண்களின் அனிச்சைச் செயல் மறையும். இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் குறையும். இறுதியில் மூச்சு நின்றுபோகலாம்.

சோடியம் பாஸ்பேட்டால் வரும் ஆபத்து வேறு வகையானது. இரத்தத்தில் பாஸ்பேட் கூடும்போது கால்சியம் குறைகிறது. கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் சிறுநீரக நுண்குழல்களில் படிந்து நிலையான பழுதை உண்டாக்கவும் கூடும். பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு முன் குடலைக் காலி செய்யக் கொடுக்கப்பட்ட பாஸ்பேட் மாத்திரைகளால் இத்தகைய பழுது நேர்ந்ததை அடுத்து, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008ஆம் ஆண்டில் அவற்றுக்குக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. 2014ஆம் ஆண்டில் கடைகளில் நேரடியாக விற்கப்படும் சோடியம் பாஸ்பேட் மருந்துகளைப் பற்றியும் எச்சரித்தது. 24 மணி நேரத்தில் ஒரு வேளைக்கு மேல் எடுக்கக் கூடாது என்றும், 55 வயதைக் கடந்தவர்களும் சிறுநீரக நோய், நீரிழப்பு, குடலடைப்பு, குடல் அழற்சி உள்ளவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்றும் அது அறிவுறுத்தியது.

முதல் வேளை மருந்துக்கு மலம் வராவிட்டால் உடனே மறு வேளை எடுப்பது பலரின் வழக்கம். பாஸ்பேட் மருந்துகளில் இவ்வழக்கம் மிக ஆபத்தானது. மலத்துடன் வெளியேறாமல் குடலில் தங்கிய உப்பு, இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும்.

இதய நோயும் பொட்டாசியக் குறைவும்

இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. தொடர்ந்த பேதியால் நீருடன் பொட்டாசியமும் வெளியேறுகிறது. அது குறையும்போது தசை தளர்வு, கால் பிடிப்பு, படபடப்பு தோன்றும். மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும். குடல் தசைகளும் தளர்வதால் மலச்சிக்கல் மேலும் மோசமாகும். அதற்கு மீண்டும் மலமிளக்கி எடுப்பதால் ஒரு தீய சுழற்சி உருவாகிறது.

இதயத் தளர்ச்சி உள்ளவர்கள் சிறுநீர் பெருக்கி மாத்திரைகளையும் எடுத்துக்கொள்வது வழக்கம். அவற்றுள் பல, பொட்டாசியத்தை ஏற்கெனவே குறைப்பவை. டிகாக்சின் எடுப்பவர்களுக்குப் பொட்டாசியக் குறைவு அந்த மருந்தின் நச்சுத்தன்மையைக் கூட்டும். சோடியம் மிகுந்த மலமிளக்கிகள் உடலில் நீர் தேங்கச் செய்து வீக்கத்தையும் மூச்சிரைப்பையும் அதிகரிக்கலாம்.

இதனால் இதய நோயாளிகள் மலச்சிக்கலைப் பொருட்படுத்தாமல் விட வேண்டும் என்பதில்லை. முக்கி மலம் கழிப்பதும் அவர்களுக்கு நல்லதன்று. ஏற்ற மருந்தை மருத்துவரே தேர்ந்து கொடுப்பார்.

நீரிழப்பு

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயிலில் உழைப்பு, பட்டினி நோன்பு ஆகியவற்றால் உடலில் நீர் வற்றியிருக்கும்போது மலம் இறுகுவது இயல்பு. அப்போது தேவைப்படுவது நீரும் உப்பும் ஆகும். மலமிளக்கி கொடுத்தால் எஞ்சியுள்ள நீரும் குடலுக்குள் சென்று வெளியேறும். நாவறட்சி, தலைச்சுற்றல், அடர்மஞ்சள் நிறத்தில் சிறுநீர் குறைந்து போதல் ஆகியவை நீரிழப்பின் அடையாளங்கள். முதியவர்களுக்குத் தாக உணர்வு குறைவாக இருப்பதால் நீரிழப்பு வெளியே தெரியாமலே முற்றிவிடக் கூடும்.

கல்லீரல் நோய்

கல்லீரல் இறுக்கி நோயில் மூளை மயக்கம் வராமல் தடுக்க லாக்டுலோஸ் ஒரு முதன்மை மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. பொதுவாக நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை இளகிய மலம் போகும்படி அதன் அளவு சரிசெய்யப்படுகிறது. அளவு மீறிப் பேதியானால் நீரும் பொட்டாசியமும் குறைந்து, தடுக்க நினைத்த மயக்கமே வரலாம். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்குச் சோடியம் மிகுந்த மருந்துகள் ஏற்றவை அல்ல.

சர்க்கரை தொடர்பான நிலைகள்

லாக்டுலோஸ் பாகில் சிறிதளவு காலக்டோஸும் லாக்டோஸும் இருப்பதால், பிறவியிலேயே காலக்டோஸைச் செரிக்க இயலாதவர்களுக்கு அது கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை சேர்த்த பொடி, பாகு ஆகியவற்றின் உறையைப் படித்துப் பார்க்க வேண்டும்.

விழுங்குவதில் சிரமம்

இசப்கோல் நீர் பட்டவுடன் உப்பிக் கூழாகிறது. போதிய நீர் அருந்தாமல் எடுத்தால் உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். பக்கவாதம், பார்க்கின்சன் நோய், உணவுக்குழாய்ச் சுருக்கம் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் ஒரு குவளை நிறைய நீருடன் அருந்த வேண்டும்; படுக்கைக்குச் செல்லும் நேரத்தில் எடுக்கக் கூடாது.

லிக்விட் பாரஃபினில் உள்ள ஆபத்து வேறு. இருமலைத் தூண்டாமலே இந்த எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் நழுவி நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம். எனவே கைக்குழந்தைகள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், விழுங்க இயலாதவர்கள் ஆகியோருக்கு இது கொடுக்கப்படுவதில்லை. நீண்ட நாள் எடுத்தால் கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே உயிர்ச்சத்துகளை உடல் உறிஞ்சுவதையும் இது தடுக்கும்.

கருவுற்ற நிலை

கருவுற்ற காலத்தில் மலச்சிக்கல் பரவலாகக் காணப்படுகிறது. இயக்குநீர் மாற்றம், வளரும் கருப்பையின் அழுத்தம், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவை இதற்குக் காரணங்கள். இக்காலத்தில் விளக்கெண்ணெய் தவிர்க்கப்பட வேண்டும். அது செரிக்கும்போது வெளிப்படும் ரிசினோலிக் அமிலம் குடலைத் தூண்டும் அதே ஏற்பியின் வழியாகக் கருப்பையையும் சுருங்கச் செய்கிறது என்பதை ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டில் எலிகளில் கண்டறிந்தனர். நார்ச்சத்து உணவு, நீர், தேவையானால் மருத்துவர் பரிந்துரைக்கும் இசப்கோல் அல்லது லாக்டுலோஸ் ஆகியவை வழக்கமாக முதலில் முயலப்படுகின்றன.

குழந்தைகள்

பிறந்த குழந்தை 48 மணி நேரத்துக்குள் முதல் மலத்தைக் கழிக்காவிட்டால், பெருங்குடலின் ஒரு பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் போன்ற பிறவிக் குறையாக இருக்கலாம். அதற்கு வீட்டில் எண்ணெய் புகட்டாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, சில வாரங்கள் கடந்தபின் பல நாட்களுக்கு ஒரு முறை மலம் கழிப்பதும் உண்டு. மலம் மென்மையாக இருந்து, குழந்தை நன்றாகப் பால் குடித்து எடை கூடினால் அது மலச்சிக்கல் ஆகாது.

சிறு குழந்தையின் உடலில் உள்ள நீரின் மொத்த அளவு குறைவு. பெரியவருக்குச் சாதாரணமாகத் தோன்றும் பேதியே குழந்தைக்குக் கடும் நீரிழப்பாகிவிடும். சோடியம் பாஸ்பேட் எனிமாவை 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

உண்ணுதல் கோளாறுகள்

உடல் எடை குறித்த அச்சத்தால் உணவைத் தவிர்ப்பவர்களிலும், மிகுதியாக உண்டபின் அதை வெளியேற்ற முயல்பவர்களிலும் சிலர் மலமிளக்கியை நாடுகின்றனர். உணவின் ஆற்றல் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பேதியால் எடை குறைவது போலத் தோன்றுவது நீர் இழப்பால் மட்டுமே. நீர் அருந்தியதும் எடை திரும்பிவிடும். ஆனால் பொட்டாசியக் குறைவால் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நேரும் கேடு உண்மையானது. இப்பழக்கம் உள்ளவருக்குக் கண்டிப்பைவிட மருத்துவ உதவியும் உளநல உதவியுமே தேவை.

மூலிகை மருந்துகளும் விதிவிலக்கல்ல

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் விளையும் நிலவாகை, உலகச் சந்தையில் திருநெல்வேலியின் பெயராலேயே அறியப்படுகிறது. அதன் இலையிலும் காயிலும் உள்ள சென்னோசைடுகளே பல மாத்திரைகளின் மூலப்பொருள். பொடியாகவோ தேநீராகவோ அருந்தினாலும் அது குடலைத் தூண்டும் மருந்துதான். மேற்கூறிய தடைகள் யாவும் அதற்கும் பொருந்தும். நேர்வாள விதை நச்சுத்தன்மை மிக்கது. அதைச் சுத்தி செய்யாமல் பயன்படுத்தக் கூடாது எனச் சித்த மருத்துவமும் விதிக்கிறது. நான்கு மாதங்களுக்கு ஒரு முறை பேதிக்கு எடுத்துக்கொள்ளும் சித்த மருத்துவ வழக்கமும் நோயாளியின் வயதையும் உடல் வலிமையையும் கருதி மருத்துவர் முடிவு செய்ய வேண்டிய ஒன்றாகும்.

பிற மருந்துகளுடன் எடுக்கும்போது

மலமிளக்கிகள் மற்ற மருந்துகள் உறிஞ்சப்படுவதைக் குறைக்கலாம். தைராய்டு மாத்திரை, இதய மருந்துகள் முதலியவற்றை எடுப்பவர்கள் இரண்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதை மருந்தாளரிடம் கேட்டறிவது நல்லது. பிசகோடைல் மாத்திரையைப் பாலுடனோ அமில நீக்கியுடனோ எடுத்தால் அதன் மேலுறை இரைப்பையிலேயே கரைந்து எரிச்சலை உண்டாக்கும். மார்பின் போன்ற வலிநீக்கிகளால் வரும் மலச்சிக்கலுக்கு இசப்கோல் ஏற்றதன்று; அசைவு மந்தமான குடலில் அது திரண்டு அடைக்கலாம்.

மருத்துவரை நாட வேண்டிய நேரம்

நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை மலம் கழிப்பது இயல்பான வரம்புக்குள் அடங்கும். நாள்தோறும் மலம் கழிக்கவில்லை என்பதற்காக மட்டும் மருந்து எடுக்கத் தேவையில்லை. பின்வரும் நிலைகளில் மலமிளக்கி எடுக்காமல் மருத்துவரைக் காண வேண்டும்:

- மலத்தில் இரத்தம் காணப்படுதல் அல்லது மலம் தார் போலக் கருத்திருத்தல்
- காரணமின்றி எடை குறைதல் அல்லது இரத்தசோகை
- நடுவயதுக்குப் பின் மலம் கழிக்கும் வழக்கம் திடீரென மாறி, மாறியபடியே நீடித்தல்
- ஒரு வாரத்துக்கு மேல் மலமிளக்கி தேவைப்படுதல்

கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, வயிறு உப்பிக் காற்றும் பிரியாமை, மயக்கம் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 ஆகிய எண்களில் அவசர ஊர்தியை அழைக்கலாம். மருத்துவர் பார்க்கும் வரை உணவோ மருந்தோ கொடுக்காமல் இருப்பதும், ஏற்கெனவே பேதி மருந்து கொடுத்திருந்தால் அதன் பெயரையும் கொடுத்த நேரத்தையும் மறைக்காமல் சொல்வதும் சிகிச்சைக்கு உதவும்.